ஒரே கைகாட்டியில நாலு டீக்கடை, எப்படிங்க கட்டுப்படியாகுது?

கேள்வி, 4 ஜூன் 2023

ஆலங்குடி பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு பேராவூரணி வழியாத் திரும்பினேன். ஒரு கைகாட்டியில பஸ் பஞ்சர். கண்ணுக்கு எட்டின தூரத்துல நூறு வீடு தேறாது. ஆனா டீ, இட்லி, வடை, பரோட்டான்னு நாலு கடை, நாலும் ஓடுது. வியாபாரம்னா ஒருத்தன் வளர்ந்தா இன்னொருத்தன் மூடணும். இங்க யாரும் வளரவும் இல்ல, மூடவும் இல்ல. எப்படி? "ஊர்ப் பாசம்"னு மட்டும் பதில் சொல்லாதீங்க. அதையெல்லாம் படத்துல பாத்துட்டேன்.

4 ஜூன் 2023, ராத்திரி

பாசம்னு சொல்ல மாட்டேன், கணக்குன்னு சொல்வேன். நீங்க நின்ன கைகாட்டி எங்க ஊராத்தான் இருக்கணும். அந்த நாலுல ஒண்ணு எங்க அப்பா கடை, வேப்பமரத்தடியில பாய்லர் வச்சிருக்கிறது. நான் இப்போ திருப்பூர்ல கணக்கு எழுதுறேன். ஆனா பத்தாவது வரைக்கும் அந்தக் கடையில கிளாஸ் கழுவினவன்.

முதல்ல ஒண்ணு. நாலும் ஒரே நேரத்துக் கடை இல்ல, நாலும் ஒண்ணாத் திறந்திருக்கிற நேரமே கிடையாது. எங்க கடை விடிகாலை மூணரைக்குத் திறக்கும். கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் போற மல்லி, முல்லையெல்லாம் இருட்டுல பறிக்கணும். நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டுப் போறவங்களுக்கு அந்த நேரத்துல டீ வேணும். பதினோரு மணிக்கு அப்பா பாய்லரை அணைச்சிருவார். அத்தை கடை ஆறுலேர்ந்து பத்து வரைக்கும், இட்லி மட்டும். பாய் கடை மூணு மணிக்கு மேல, வடையும் டீயும். மாமா பரோட்டாக் கடை விளக்கு வச்ச பிறகு. ஒரே ரோட்டை நாலு பேரும் நேரமாப் பிரிச்சு வச்சிருக்காங்க. எங்கயும் எழுதி வைக்கல, பேசி முடிச்சதாவும் யாருக்கும் ஞாபகம் இல்ல.

(அத்தைன்னா அப்பாவோட ஒண்ணுவிட்ட தங்கச்சி. மாமா நிஜ மாமா இல்ல, முறை சொல்லிக் கூப்புடுறது. பாயை அப்பா மாப்ளைன்னு கூப்புடுவார், அதுக்கு என்ன முறைன்னு கேக்காதீங்க.)

6 ஜூன் 2023

நேத்து ஒருத்தர் கேட்டார்: "பாய் நாளைக்கே காலையில டீ போட்டா என்ன பண்ணுவீங்க?" போட்டுப் பாத்திருக்கார். 2011ன்னு நினைக்கிறேன், அவர் மக கல்யாணக் கடன் நேரம். மூணு நாள் காலையில அடுப்பு எரிஞ்சுது. அப்பா ஒண்ணும் சொல்லல. நாலாவது நாள் அப்பாவே போய் அங்க ஒரு டீ குடிச்சிட்டு, "மாப்ள, சாயங்காலம் வடை ஆறிப்போயிடுதாமே"ன்னு மட்டும் கேட்டிருக்கார். காலையில முழிச்சவருக்கு மத்தியானம் உளுந்து ஆட்ட உடம்பு வரலையாம். அதோட நின்னுச்சு. அதுக்கப்புறம் அவரோட ஒரு குலுக்கல் சீட்டை முன்னாடியே எடுத்துக்கொடுத்தார் அப்பா. இதைத்தான் கணக்குன்னு சொன்னேன்.

6 ஜூன் 2023, கொஞ்ச நேரம் கழிச்சு

குலுக்கல் சீட்டுன்னா ஏலச்சீட்டு மாதிரி தள்ளு (ஏலம் கேட்டு, தொகையைக் குறைச்சு எடுக்கிறது) கிடையாது. பத்துப் பேர், பத்து மாசம், மாசம் ஆளுக்கு ரெண்டாயிரம். துண்டுச் சீட்டுல பேர் எழுதி டம்ளர்ல போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வாங்க. எங்க தெருவுல அந்தக் குழந்தை நான்தான். அவசரம் இருக்குறவன் பேரு எப்படி வரும்னு கேட்டா, எல்லாத் துண்டுலயும் ஒரே பேர் எழுதியிருக்கும். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரிஞ்ச அன்னைக்கு அந்த வேலை போச்சு.

11 ஜூன் 2023

பேப்பர் விஷயத்தை மறந்துட்டேன். எங்க கடையில தினத்தந்தி. பாய் கடையில தினகரன். அத்தை கடையில ஒண்ணும் இல்ல, "திங்க வந்தவன் திங்கட்டும்"னு சொல்வாங்க. தந்தி படிக்க வர்றவர் இங்க குடிப்பார், சாயங்காலம் அங்க போய் தினகரன் புரட்டுவார். ரெண்டு கடையிலயும் ஒரே பேப்பர் வாங்கினா ஒரு கடைக்கு ஒருவேளை ஆள் வராதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். கன்னித்தீவு மட்டும் எங்க கடை. அதை வச்சே ஒரு பத்து டீ கூடுதலா ஓடியிருக்கும்.

18 ஜூன் 2023

இப்ப மொய். எங்க பக்கத்துக்காரங்க நேரா அடுத்த குறிப்புக்குப் போயிடலாம், சலிச்சுப்போன விஷயம்.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்துல ஆடி பொறந்தா மொய்விருந்து. கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல, விருந்தே காரியம். பந்தல் போட்டு, கிடா வெட்டி, இலை போட்டு, சாப்பிட்டுட்டு மேசைக்குப் போய் மொய் எழுதணும். செலவு குறையணும்னு பத்து இருபது பேர் சேந்து ஒரே பத்திரிகையில பேர் போட்டு ஒரே பந்தல்ல நடத்துவாங்க. ஆளுக்கு ஒரு மேசை, ஒரு நோட்டு, கத்தி எண்ண ஒரு ஆள். இப்போ பணம் எண்ணுற மெஷினும் வந்தாச்சு.

கணக்கு இப்படி. நீங்க எனக்கு 500 வச்சிருந்தா, உங்க முறை வரும்போது நான் 1000 வைப்பேன். அதுல 500 பழசு தீந்துது, மிச்ச 500 புதுநடை, இப்போ நீங்க எனக்குக் கடன்காரர். ஆக, கடன் என்னைக்குமே தீராது, பக்கம் மட்டும் மாறும். வட்டின்னு ஒண்ணு கிடையாது. பத்திரம் கிடையாது. திருப்பி வைக்காதவன் பேரு மட்டும் நோட்டுல அப்படியே நிக்கும், அந்த நோட்டை எல்லாரும் படிப்பாங்க.

எங்க அப்பா 2008 ஆடியில மொய் வாங்கினார். ரெண்டே முக்கால் லட்சம் வந்துச்சு. அதுலதான் தகரக் கொட்டகை, பிரிட்ஜ், கிரைண்டர். பேங்க்ல கேட்டிருந்தா அந்தக் கடைக்கு ஒரு பைசா கிடைச்சிருக்காது, பாய்லரையா அடமானம் வைக்கிறது? பதினஞ்சு வருசம் கழிச்சு இன்னும் திருப்பி வச்சிக்கிட்டுத்தான் இருக்கார். முக்கியமானது என்னன்னா, அன்னைக்கு வச்சவங்கள்ல பாயும் உண்டு, மாமாவும் உண்டு. நாளைக்கு எங்க கடை மூடினா அவங்க பணம் போச்சு. அவங்க கடை மூடினா எங்களுக்கு வர வேண்டிய புதுநடை போச்சு. போட்டிக்காரன் நல்லா இருக்கணும்னு நினைக்க இதைவிட நல்ல காரணம் வேணுமா?

19 ஜூன் 2023

திருத்தம். அப்பாவுக்குப் போன் போட்டேன். 2008 இல்லயாம், 2009. பிரிட்ஜும் மொய்ப் பணத்துல இல்ல, அது அம்மா வளையல். "எழுதுறதுன்னா அதையும் எழுது"ன்னு அம்மா பின்னாலேர்ந்து சொன்னாங்க. எழுதியாச்சு.

2 ஜூலை 2023

நிறைய பேர் சினிமா மாதிரி "ஆஹா கிராமம்"னு பேச ஆரம்பிச்சிட்டீங்க. கொஞ்சம் கசப்பும் போடுறேன்.

கடன் நோட்டு. தேங்கா வெட்டுறவங்க, கொத்தனார், சித்தாள், எல்லாரும் வாரக் கணக்கு. சனிக்கிழமை கூலி வந்ததும் தீப்பாங்க, தீக்காமலும் போவாங்க. அப்பா நோட்டுல பேர் இருக்காது, அடையாளம்தான்: "டவர் வீட்டு மாமா", "பச்சைச் சட்டை", "சீனி கம்மி", "சீனி கம்மி தம்பி". ரெண்டு பெஞ்சு, ஒரு பாய்லர் இருக்குற கடைக்கு வெளிய நிக்கிற கடன் எப்பவும் நாப்பதாயிரத்துக்குக் குறையாது. கணக்கு எழுதுறவனா சொல்றேன், இது கடையே இல்ல, வட்டியில்லாத சொசைட்டி. கடன் கொடுக்காட்டி அடுத்த கடைக்குப் போவான். ஆனா அடுத்த கடையிலயும் அவனுக்குக் கடன் இருக்கும். ஆக நாலு கடைக்காரங்களும் மாசம் ஒருக்கா பேசிக்குவாங்க, யாரு யாருக்கு எவ்வளவு நிக்கிதுன்னு. ஒருத்தன் மூணு கடையிலயும் நிலுவை வச்சிருந்தா நாலாவது கடையில அவனுக்கு டீ மட்டும்தான் கடன், வடைக்குக் காசு.

இதுக்கு சிட்டியில வேற பேர் வச்சு, செயலி போட்டு, மார்க் கொடுக்கிறாங்க. இங்க வேப்பமரத்தடியில நடந்துச்சு.

2 ஜூலை 2023

டீக்கடைப் பாய்லருக்குள்ள காசு போடுவாங்களாமேன்னு கேட்டீங்க. ஆமா, உண்மைதான். தண்ணி கொதிச்சா காசு உள்ள டக்டக்னு ஆடும், பாக்காமலே தெரியும். எங்க பாய்லர்ல கிடக்கிறது பழைய இருபது பைசா. அதை எடுத்துப் பாத்த என் தம்பி அன்னைக்கு வாங்கின அடி எனக்கே வலிச்சுது.

16 நவம்பர் 2023

தேதியைப் பாத்ததும் எழுதத் தோணிச்சு. அஞ்சு வருசம்.

2018 நவம்பர் 15 ராத்திரி, விடிஞ்சா 16. கஜா. கரையைக் கடந்தது வேதாரண்யம் பக்கம், ஆனா அடிச்சுப்போட்டது எங்க தென்னையை. காலையில வெளிய வந்தா ஊர் அடையாளமே தெரியல, எப்பவும் மறைச்சுக்கிட்டு நிக்கிற தோப்பு இல்லாததால அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் வீட்டு வாசல்லேர்ந்து தெரிஞ்சுது. தகரக் கொட்டகை பறந்து போச்சு. பாய்லர் ரோட்டுக்கு அந்தப்பக்கம் வாய்க்கால்ல கிடந்துச்சு, நசுங்கி. உள்ள காசு இருந்துச்சு.

கரண்டு வர எங்களுக்கு 27 நாள். போன் இல்ல. அன்னைக்குப் பத்து மணி சுமாருக்கு மாமா, பரோட்டாக் கடையில இருந்த மைதா மூட்டையையும் எண்ணெய் டின்னையும் தூக்கிக்கிட்டு வேப்பமரத்தடிக்கு வந்துட்டார். வேப்பமரம் நின்னுச்சு, அது மட்டும். அத்தை அரிசி. பாய் பருப்பு. எங்க பங்கு தேயிலையும் சீனியும். விறகுக்குப் பஞ்சமே இல்ல, ஊரே விறகாக் கிடந்துச்சு. ஈர மட்டை, புகை கண்ணைக் கரிக்கும். பதினோரு நாள் அந்த ஒரே அடுப்பு. காசு வாங்கல. வாங்க யார்கிட்டயும் இல்ல.

நல்லவங்கன்னு சொல்ல வரல. மைதா எப்படியும் நனைஞ்சு புழுத்திருக்கும். மாமாவே அதைத்தான் சொல்வார்.

கடன் நோட்டு நனைஞ்சுது. அப்பா மைப் பேனாவுல எழுதுறவர், எல்லாப் பக்கமும் ஊதா. அந்த நோட்டைக் காய வச்சு ஒவ்வொரு தாளாப் பிரிச்சுப் பாத்தேன், "சீனி கம்மி" மட்டும் ஒரு இடத்துல தெரிஞ்சுது, தொகை தெரியல. ரெண்டு மாசம் கழிச்சு ஆளுங்களா வந்து அவங்கவங்க கடனைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. "எனக்கு முன்னூத்தி இருபது அண்ணே." "நான் ஐந்நூறுக்கு மேல இருக்கும், ஐந்நூறுன்னு வச்சுக்கோங்க." அப்பா புது நோட்டுல எழுதிக்கிட்டே போனார். ஒருத்தர் அறுநூறுன்னார். அப்பாவுக்கு நல்லா ஞாபகம், இருநூறுதான். கேட்டா, மிச்சம் நானூறு அவங்க அப்பா செத்தப்ப துக்க வீட்டுக்குப் போன டீக் கேன் கணக்காம். துக்க வீட்டு டீயை அப்பா எழுதுறதே இல்ல. அவர் எழுதி வச்சிருந்திருக்கார்.

மொத்தம் எவ்வளவு திரும்புச்சுன்னு கேட்டா, அப்பா கணக்குல நாப்பத்திரெண்டாயிரத்துல முப்பத்தியொண்ணு. ரெண்டு மாடி வீடு வச்சிருக்கிற ஒருத்தருக்கு மூவாயிரத்துக்கு மேல நின்னுச்சு. "எல்லாம் தீத்துட்டேனேப்பா"ன்னுட்டார். அவர் இன்னும் வர்றார், டீ போடுறோம். சீனி மட்டும் கொஞ்சம் கம்மியா விழும்.

17 நவம்பர் 2023

கஜா அடிச்ச வருசத்துக்கு அடுத்த ஆடியில மொய் பாதிகூட வரலன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். சரிதான். தென்னையை நம்பித்தான் திருப்பி வைக்கிறது. தென்னை காய்க்க வருசம் ஆகும், மொய் அதுவரைக்கும் காத்திருக்காது. எங்க ஊர்லயே ரெண்டு பேர் திருப்பி வைக்க முடியாம ஆடி முழுக்க திருப்பூர்ல என்கூட ரூம்ல இருந்தாங்க. அப்புறம் 2020ல கொரோனா, விருந்தே இல்ல. நான் மேல எழுதினது நல்ல வருசத்துக் கணக்கு. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம், சரி. மொத்தமா ஒரு தள்ளு விழுந்தா மொத்தமாத்தான் சாயணும்.

3 டிசம்பர் 2023

"ஐந்தாவது கடை வந்தா?" வந்துச்சு. 2014. சிங்கப்பூர்லேர்ந்து திரும்பின ஒருத்தர், எங்க ஊர்க்காரர்தான். டைல்ஸ் போட்டு, பேன் மாட்டி, ஸ்டூல் எல்லாம் சிவப்பு பிளாஸ்டிக். காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் எல்லாமே: டீ, இட்லி, வடை, பரோட்டா. நாங்க டீ ஏழு ரூபாய்க்கு வித்தப்ப அவர் அஞ்சு. எட்டு மாசத்துல மூடிட்டார். விலையைக் குறைச்சு ஊரைப் பகைச்சார், ஊர் போகல. மொய்யும் அவர் யாருக்கும் வச்சதில்ல, பதினஞ்சு வருசம் வெளிநாட்டுல இருந்தவர், அதனால அவர் கடைக்குப் போகணும்னு யாருக்கும் கட்டாயமும் இல்ல.

20 ஜனவரி 2024

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். டிசம்பர் 3 குறிப்பு தப்பு. அழிக்கலாம்னு பாத்தேன். வேணாம், இருக்கட்டும், கீழ உண்மையை எழுதுறேன்.

ஊர் போகலன்னு எழுதினேன்ல? போச்சு. முதல் ரெண்டு மாசம் அவர் கடையிலதான் கூட்டம், அஞ்சு ரூபாய்க்கு பேன் காத்தோட டீ கிடைச்சா யாரு போக மாட்டா? எங்க கடையில விடிகாலை பூக்காரங்க மட்டும். அப்பா ராத்திரி தூங்கலன்னு அம்மா இப்பதான் சொன்னாங்க.

அவர் மூடினது பாலால. எங்க கடைக்கு ஊத்துற பால்காரர் அவருக்கும் ஊத்துறேன்னு ஒத்துக்கிட்டிருக்கார். அப்பா அவர்கிட்ட, "அங்க ஊத்துனா இங்க ஊத்தாத"ன்னு சொல்லிட்டார். பால்காரர் மகன் படிப்புக்கு அப்பாதான் சீட்டு எடுத்துக் கொடுத்தது. அவரால மீற முடியல. சுத்துவட்டாரத்துல இன்னும் ரெண்டு பால்காரங்க, அவங்க மாமாவுக்கும் பாய்க்கும் வேண்டியவங்க. சிங்கப்பூர்க்காரர் டவுன்லேர்ந்து பாக்கெட் பால் எடுத்தார். பஸ் தாமதமானா பால் திரிஞ்சுது. கறந்த பால் டீ குடிச்ச வாய்க்கு அது ஒத்துக்கல. நாலாவது மாசம் மாஸ்டர் ஓடிட்டான், எட்டாவது மாசம் கடை இல்ல.

அப்பாவே சொன்னார், வெத்தலை போட்டுக்கிட்டே, சாதாரணமா. "வேற என்ன பண்ணச் சொல்ற?" எனக்குப் பதில் தெரியல.

ஏழு மாசமா இங்க நாலு கடை எப்படி ஒண்ணையொண்ணு தாங்குதுன்னு பெருமையா எழுதினேன். அதே கயித்துலதான் அஞ்சாவது கடையோட கழுத்து இறுகிச்சு. நாலு பெரிய கம்பெனி இதைச் செஞ்சா அதுக்கு வேற பேரு, கேஸ் போடுவாங்க.

27 ஜனவரி 2024

சிங்கப்பூர்க்காரர் இப்போ என்ன பண்றார்னு கேட்டீங்க. அறந்தாங்கியில ஜூஸ் கடை. நல்லா ஓடுதாம். நான் இன்னும் போகல.

20 மார்ச் 2024

நோன்பு ஆரம்பிச்சாச்சு, ஒரு நல்ல விஷயம் எழுதிக்கிறேன், ஜனவரி குறிப்பு வாயிலயே கசக்குது.

ரம்ஜான் மாசம் பாய் கடை திறக்காது. அந்த ஒரு மாசம் சாயங்கால வடையை அப்பா போடுவார். முதல் நாள் பாய் அரிகரண்டியையும் பெரிய வடசட்டியையும் கொண்டாந்து கொடுத்துட்டுப் போவார், வடை வாங்குறவங்க யாராருக்கு எவ்வளவு நிலுவைன்னும் சொல்லிட்டு. நோன்பு திறக்குற நேரம் பள்ளிவாசல்லேர்ந்து கஞ்சி ஒரு தூக்குவாளி எங்க கடைக்கு வரும். பெருநாள் முடிஞ்ச மறுநாள் அப்பா கரண்டியைப் புளி போட்டு விளக்கி அனுப்பிடுவார். ஒரு மாச வடை வியாபாரம் நல்லா போனாலும், "நானும் தொடர்ந்து போடுறேன்"னு சொன்னதில்ல. கார்த்திகை மாசம் மாலை போட்டு ஊரே கறி நிறுத்தும்போது மாமா பரோட்டாவுக்குத்தான் அடி. அப்போ ராத்திரியில இட்லி போடுறதை அத்தை அவருக்கு விட்டுக்கொடுப்பாங்க.

பாயோட வடை எங்க அப்பா வடையைவிட நல்லா இருக்கும், அது வேற விஷயம்.

21 ஏப்ரல் 2024

தேர்தல் முடிஞ்சுது. ரெண்டு கட்சிக்காரங்களும் டீ, டிபன் டோக்கன் கொடுத்தாங்க. ஒரு கட்சி டோக்கன் எங்க கடைக்கு, இன்னொண்ணு அத்தை கடைக்கு. யாரு பிரிச்சதுன்னு தெரியல, ஆனா பிரிஞ்சுது. டோக்கன் காசு ஒரு கட்சிகிட்டேர்ந்துதான் வந்திருக்கு. எதுன்னு சொன்னா இங்க சண்டை வரும்.

12 மே 2024

"உங்க வலையில எல்லாரும் இருக்காங்களா, இல்ல முறை சொல்லிக் கூப்புட முடிஞ்சவங்க மட்டுமா?" இப்படி ஒருத்தர் பத்து நாள் முன்னாடி கேட்டார். படிச்சிட்டு மூடி வச்சுட்டேன். பதில் எனக்குத் தெரியும், அதனாலதான் மூடினேன்.

எங்க கடையில தனி டம்ளர் இருந்துச்சு. நான் சின்னப் பையனா இருந்தப்ப, கூரையில சொருகி வச்ச மூணு அலுமினிய டம்ளர். தெக்குத்தெருக்காரங்க வந்தா எடுத்துக் குடிச்சிட்டு அவங்களே கழுவி வச்சிட்டுப் போகணும். நான் கிளாஸ் கழுவின பையன்னு பெருமையாச் சொன்னேன்ல, அந்த மூணை நான் கழுவினதில்ல. போலீஸ், கலெக்டர்னு ஒரு தடவை வந்து பேசின பிறகு டம்ளர் மறைஞ்சுது. அப்புறம் பேப்பர் கப் வந்துச்சு, எல்லாருக்கும் பேப்பர் கப், அப்பாடான்னு எல்லாரும் மூச்சு விட்டாங்க. 2019 ஜனவரி 1ல தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் தடை வந்துச்சு, பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் அதுல சேத்தி. திரும்பக் கண்ணாடி கிளாஸ் எடுத்து வச்சோம். அன்னைக்குக் காலையில அப்பா முகத்தைப் பாத்தேன். யாரும் ஒண்ணும் சொல்லல, எல்லாரும் ஒரே கிளாஸ்ல குடிச்சாங்க. ரெண்டு பேர் மட்டும் அதோட எங்க கடைக்கு வர்றதில்ல. நஷ்டம் இல்ல.

ஆனா சீட்டு? மொய்? சீட்டுல தெக்குத்தெருவுலேர்ந்து ஒருத்தர்கூட இருந்ததில்ல. கஜா அடுப்புக்கு அவங்களும் வந்து சாப்பிட்டாங்க. ஆனா அடுப்புல அவங்க அரிசி சேரல. கேக்கவும் இல்ல. இதை எழுதினவன் பதினோரு நாளும் அங்க நின்னவன்தான்.

26 மே 2024

தெக்குத்தெருவுல ஒரு அக்கா இட்லி மாவு ஆட்டுறாங்க. இந்தக் கதையை முன்னாடியே சொல்லியிருக்கணும். எனக்கு அது "கடை"யாவே தெரியல போல.

அவங்களுக்கு மொய்யும் இல்ல, சீட்டும் இல்ல. மகளிர் குழு இருந்துச்சு. பன்னெண்டு பேர் வாரம் அம்பது ரூபாய் சேத்து, அப்புறம் குழுக் கடன்ல ஒரு பெரிய கிரைண்டர். உணவுப் பாதுகாப்புல பதிவு, சின்ன வியாபாரத்துக்கு வருசம் 100 ரூபாய்தான், எங்க அப்பா அதைப் பண்ணவே 2017 ஆச்சு. அவங்க முதல்லயே பண்ணிட்டாங்க, அந்தத் தாளை பிளாஸ்டிக் உறை போட்டு வாசல்ல ஒட்டி வச்சிருக்காங்க. முதல்ல டவுன் மளிகைக் கடைக்கு பாக்கெட். ஊருக்குள்ள யாரும் வாங்கல. கொரோனாவுக்கு அப்புறம் அத்தைக்கு மூட்டுவலி, ஆட்ட முடியல, ஆளும் கிடைக்கல. அத்தை மகன் டவுன்லேர்ந்து மாவு வாங்கி வந்தான், நல்லா இருந்துச்சு. பாக்கெட்டைத் திருப்பிப் பாத்தா முகவரி எங்க ஊர். ஒரு கிலோமீட்டர்ல இருக்குற மாவு பஸ் ஏறி டவுனுக்குப் போய் பஸ்லயே திரும்பி வந்திருக்கு.

இப்போ அத்தை இட்லி, மாமாவோட ராத்திரி தோசை, எங்க கடையில புதுசா போடுற பணியாரம், மூணும் அந்த மாவு.

30 மே 2024

பாயும் அந்த அக்காகிட்டதான் மாவு வாங்குறாரான்னு கேட்டீங்க. இல்லைங்க, பாய் வாங்குறதில்ல, வடைக்கு அவரே ஆட்டுவார். "உளுந்தை அடுத்தவன் ஆட்டினா அது வடையா"ன்னு கேப்பார். இந்தப் பிடிவாதத்தாலதான் அவர் வடை நல்லா இருக்குது.

8 செப்டம்பர் 2024

மூணு மாசமா இந்தப் பக்கம் வரல. ஆடியில ஊர்ல இருந்தேன், ரெண்டு விஷயம்.

ஒண்ணு, அந்த அக்காவுக்குக் காய்ச்சல், மூணு நாள் மாவு இல்ல. முதல் நாள் மூணு கடையிலயும் உப்புமா. மொய்விருந்து சீசன்ல ரோட்டு நிறைய வெளியூர் ஆளுங்க, மூணு கடையிலயும் ஏறி இறங்கி, "என்னய்யா ஊர் இது, ரவை கம்பெனி வச்சிருக்கீங்களா"ன்னு கேட்டாங்க. ரெண்டாவது நாள் அப்பா டிவிஎஸ் எடுத்துக்கிட்டு தெக்குத்தெருவுக்குப் போனார். என்ன ஆச்சுன்னு விசாரிக்க. "உள்ள வாங்கன்னுச்சு, நான் வண்டியை விட்டு இறங்கல"ன்னார் வந்து. ஏன் இறங்கலன்னு கேட்டேன். அடுப்புல பால் இருக்குன்னார். அப்போ மணி பன்னெண்டு, பாய்லர் அணைச்சு ஒரு மணி நேரம்.

ரெண்டு, காய்ச்சல் சரியான கையோட அக்கா மாவு கிலோவுக்கு அஞ்சு ரூபாய் ஏத்திட்டாங்க. அதோட இனிமே வாரக் கணக்கு கிடையாது, மாவு இறங்கும்போதே காசு. மூணு கடைக்கும் ஒரே பேச்சு. நாப்பது வருசமா ஊருக்கே கடன் கொடுத்தும் வாங்கியும் பழகின அப்பாவுக்கு இது தாங்கல. காலையில டீ வடிகட்டியை அலசிக்கிட்டே புலம்பினார்: "சொந்தக்காரியா இருந்தா இப்படிக் கையில காசு கேப்பாளா?"

"சொந்தக்காரியா இருந்தா கேக்க முடிஞ்சிருக்காதுப்பா."

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, கல்லாவுலேர்ந்து இருநூறு எண்ணி எடுத்து வச்சார். மாவு வண்டி வர்ற நேரம்.